md0 காணாமல் போன திங்கட்கிழமை

அம்பத்தூர் எஸ்டேட்டில் டை, அதாவது இரும்பு அச்சு, செய்யும் ஒரு கம்பெனிக்கு வாரம் ஒரு நாள் போய் சர்வர் பார்த்துக்கொடுத்து வந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை, ஐயப்பன்தாங்கலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது முதலாளி தனசேகர் போன் செய்தார்.

"சார், எங்க கீறீங்க? சர்வர் ஏந்திரிக்கல. டிராயிங் எல்லாம் பூட்ச்சாம்."

"யார் சொன்னது?"

"நம்ம மச்சான்தான். பாத்துகினு கீறான்."

மச்சான் என்றால் அவர் மனைவியின் தம்பி பிரபு. எங்கோ ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்ததால், அந்தக் குடும்பத்துக்கே ஐ.டி. துறை அவர்தான்.

அந்த சர்வரில் மென்பொருள் RAID. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே டேட்டா, பன்னிரண்டு வருட டை டிராயிங். பேக்கப் கிடையாது. "அதான் ரெண்டு டிஸ்க்கு கீதே, அப்புறம் இன்னாத்துக்கு?" என்று முதலாளி ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

நான் போனபோது திரையில் எமர்ஜென்சி மோடு. அந்த டிஸ்க் ஜோடியின் பெயரான /dev/md0 கிடைக்கவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தது.

"md0 செத்துடுச்சு சார். புதுசா create பண்றேன்" என்றார் பிரபு. கமாண்ட் அடித்து முடித்திருந்தார். Enter தட்டுவதுதான் பாக்கி.

"கையை எடுங்க."

"வீடியோ பாத்துட்டுத்தான் சார் பண்றேன்."

"வீடியோல அவன் வச்சிருந்தது காலி டிஸ்க். இதுல create பண்ணா டிராயிங் அழிஞ்சாலும் அழிஞ்சிடும். கையை எடுங்க!"

முதலாளியே அந்தக் கையைப் பிடித்து இழுத்தார். RAID நிலவரத்தைப் பார்க்க நான் cat /proc/mdstat அடித்தேன். இரண்டு டிஸ்க்கும் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தன, md127 என்ற பெயரில். மவுன்ட் செய்து திறந்து பார்த்தேன். ஒரு டிராயிங்கூடக் குறையவில்லை.

"இன்னா மச்சான், உசுரோட கீறவனுக்குக் கருமாதி பண்ணப் பாத்தியே!"

பிரபு முகம் தொங்கிவிட்டது. "பேரு ஏன் சார் மாறிச்சு?" என்று மெதுவாகக் கேட்டார். அன்று அவர் கேட்ட ஒரே நல்ல கேள்வி. எனக்குத்தான் அது பிடிக்கவில்லை.

முந்தின வாரம் OS-ஐப் புதிதாகப் போட்டது நான். RAID-க்குப் பெயர் சொல்லும் mdadm.conf-ல் md0 என்று எழுதினேன். ஆனால் சிஸ்டம் எழும்போது முதலில் பார்ப்பது initramfs என்ற குட்டி இமேஜை. update-initramfs ஓட்டினால்தான் அந்தப் பெயர் அதற்குள் போகும். இல்லையென்றால் அதுவே md127 என்று ஒரு பெயர் வைத்துக்கொள்ளும்; சிஸ்டம் md0-வைத் தேடி, காணாமல் நின்றுவிடும். நான் ஓட்டவில்லை. ரீபூட் செய்தும் பார்க்கவில்லை. நேராகச் சாப்பிடப் போய்விட்டேன்.

அதை அவர்களிடம் சொன்னேன்.

முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு எக்ஸ்பர்ட்டே தாங்காது. எனக்கு ரெண்டு. மொதல்ல அந்த பேக்கப்பைப் போடுங்க சார்."

சர்வர் பார்க்கும் தம்பிகளே, எந்த டிஸ்க்கை மவுன்ட் செய்வது என்று சொல்லும் fstab-ல் md0 என்று எழுதாதீர்கள், பெயர் மாறினாலும் மாறாத UUID எழுதுங்கள். initramfs-ஐப் புதுப்பியுங்கள். ரீபூட் செய்து, சர்வர் எழுந்து உட்கார்வதைக் கண்ணால் பார்த்த பிறகு பையை மாட்டுங்கள். பசி பொறுக்கும். முதலாளியின் மச்சான் பொறுக்கமாட்டார்.