பன்னிரண்டு நிமிடம் தாமதமாக வந்த டாக்டர்

என் அக்காவைக் கட்டிய மாமா லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் பாதியில் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் மற்ற மெக்கானிக்குகள் நேராக மேலே மெஷின் ரூமுக்கு ஓடுவார்கள். மாமா முதலில் அந்த மாடிக் கதவிடம் போவார். இடுக்கில் வாயை வைத்து, நான் வந்துவிட்டேன், உங்களை வெளியே எடுக்காமல் எங்கேயும் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் மேலே ஏறுவார். கூட வேலை செய்கிறவர்கள் இதற்காகவே அவருக்குத் ‘தாலாட்டு’ என்று பேர் வைத்திருந்தார்கள்.

அவருடைய நாற்பத்தேழாவது வயதில் அது வந்தது. அக்காவுக்குப் பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. ஒரு நாள் சாயங்காலம் பஸ் கிடைக்காமல் இருபது நிமிஷம் தாமதமாக வந்தாள். மாமா வாசல்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, மூச்சு வாங்கியது, செத்துப்போகிறேன் என்று மட்டும் சொன்னார். ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி., ஸ்கேன், ரத்தம் எல்லாம் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. அடுத்த மாதம் மகள் காலேஜிலிருந்து வரத் தாமதமானபோது மறுபடியும் அதே கூத்து. மூன்றாவது தடவை இதய டாக்டர், இதயம் நன்றாகத்தான் இருக்கிறது, மனநல டாக்டர் ஒருவரைப் பாருங்கள் என்றார்.

மாமாவின் முகம் செத்துவிட்டது. அக்கா சொந்தக்காரர்களிடம் ‘கேஸ் ட்ரபிள்’ என்று சொல்லிச் சமாளித்தாள்.

டாக்டரைத் தேடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவன். முதலில் போன இடத்தில் உட்கார இடமில்லாத கூட்டம். எங்களுக்குக் கிடைத்தது மூன்று நிமிஷம், மூன்று மாத்திரை. அந்த டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாமா பகலிலேயே சொக்கி விழுந்தார். லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று வேலை செய்கிற ஆள் சொக்கினால் என்ன ஆவது? திரும்பப் போய்ச் சொன்னோம். அவரே இரண்டு மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தினார். இவருக்குப் பேச்சு வைத்தியமும் வேண்டும், எனக்கு நேரம் போதாது, அதைச் செய்கிற ஒருவரைத் தேடிப் பிடியுங்கள் என்றார்.

கடைக்கு வருகிற மருந்துச் சீட்டுகளை அதற்குப் பிறகுதான் கவனித்துப் பார்த்தேன். ஒரு பெண் மனநல டாக்டரின் சீட்டு மட்டும் எப்போதும் ஒரு வரிதான் இருக்கும். எங்கள் முதலாளிக்கு அதைக் கண்டாலே முகம் சுண்டிப்போகும். அந்தச் சீட்டோடு வழக்கமாக வரும் தையல்கார அம்மாவிடம் தயங்கித் தயங்கி விசாரித்தேன். “அவங்க நம்மளப் பேச விடுவாங்க தம்பி,” என்றார் அவர்.

அந்த டாக்டரின் அறை இரண்டாவது மாடியில் இருந்தது. கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நாற்பத்து நான்கு படி ஏறியதும் மாமா, இவங்களுக்கு முதலில் நான்தான் வைத்தியம் பார்க்கணும் போலிருக்கு என்று முணுமுணுத்தார். டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவரை மட்டும் கூப்பிட்டார். உள்ளே நடந்ததெல்லாம் மாமா பிற்பாடு எனக்குச் சொன்னதுதான்.

மாத்திரை தொடரட்டும், அது நடுக்கத்தை அடக்கும் என்றாராம் டாக்டர். கூடவே இன்னொன்றும் செய்யலாம். அதற்குப் பேர் சைக்கோடைனமிக் தெரபி. வாரம் ஒரு நாள், அதே கிழமை, அதே மணி, ஐம்பது நிமிஷம். மனதில் வருவதை வந்தபடி பேச வேண்டும். நமக்கே தெரியாமல் நமக்குள் சில விஷயங்கள் வேலை செய்துகொண்டிருக்கும். பழைய இடத்தில் பட்டது புதிய இடத்தில் வலிக்கும். என்னோடு நீங்கள் பழகும் விதத்தில்கூட அது தலைகாட்டும், அப்போது ரெண்டு பேருமாகச் சேர்ந்து பார்ப்போம். இவ்வளவுதான் விளக்கம்.

“சின்ன வயசுல நடந்தது எதாவது ஞாபகம் இருக்கா?” என்று கேட்டிருக்கிறார்.

“ஒண்ணும் இல்லீங்க. எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு.”

முதல் மூன்று மாதம் மாமா பேசியதெல்லாம் கம்பிக் கயிறு, எதிர் எடை, கதவு சென்சார் பற்றித்தான். இப்போ அந்த அம்மா தனியாகவே ஒரு லிஃப்டைக் கழற்றி மாட்டிடுவாங்க என்று என்னிடம் சிரித்தார். அக்காவுக்கு எரிச்சல். பேசுவதற்கு வீட்டில் ஆளா இல்லை என்றாள். ஆனாலும் செவ்வாய்க்கிழமை வந்தால் மாமா தலை வாரிக்கொண்டு கிளம்பிவிடுவார். யாரும் குறுக்கே பேசாத ஐம்பது நிமிஷம் அவருக்கு அதுவரை வாய்த்ததே இல்லை.

நான்காவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அறை பூட்டியிருந்தது. டாக்டர் ஓர் அவசர நோயாளியிடம் மாட்டிக்கொண்டு பன்னிரண்டு நிமிஷம் தாமதமாக வந்திருக்கிறார். அதற்குள் மாமாவுக்கு நெஞ்சு அடைத்து, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து நாற்பத்து நான்கு படியும் இறங்கி வீட்டுக்கே வந்துவிட்டார். இனிமேல் போவதில்லை என்றார். அடுத்த வாரம் போனார்.

டாக்டர் முதலில் மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லைங்க, ஆயிரம் வேலை இருக்கும் என்றார் மாமா. அந்தப் பன்னிரண்டு நிமிஷம் உங்களுக்கு எப்படி இருந்தது என்று டாக்டர் கேட்டார். ஒன்றுமில்லை என்றார் மாமா. சுவரில் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டதாம். அப்போது மாமா கத்தினார். வீட்டில் ஒரு நாளும் குரல் உயர்த்தாத மனுஷர்.

“நிக்கச் சொன்ன இடத்துலதானே நின்னேன்? ஒரு அடிகூட நகரலையே?”

டாக்டர் மெதுவாகக் கேட்டார். “யார் நிக்கச் சொன்னது?”

டாக்டர் அவரை எங்கேயும் நிற்கச் சொன்னதில்லை. மாமா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அடுத்த நொடி அவர் ஓர் ஆஸ்பத்திரி நடையில் நின்றுகொண்டிருந்தார். பாதிச் சுவர் வரைக்கும் பச்சைப் பெயின்ட். காலில் பெரிய அளவுச் செருப்பு. எதிரே மடக்குக் கம்பிக் கதவு போட்ட லிஃப்ட். அம்மா தம்பிக் குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு அதற்குள் நிற்கிறாள். இங்கேயே நில், நகராதே, இப்போ வந்துடறேன் என்கிறாள். கம்பிக் கதவு மூடுகிறது. அம்மாவின் பாதங்கள் மேலே போகின்றன.

அப்போது அவருக்கு ஐந்து வயது. அம்மா இருட்டுகிற நேரத்தில்தான் வந்தாள். வேறு பக்கத்துப் படி வழியாக, வெறுங்கையோடு. தம்பி போய்விட்டான். அதற்குப் பிறகு வீட்டில் அந்தக் குழந்தையைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தான் கொஞ்சம் நகர்ந்திருப்போமோ, அதனால்தான் அம்மா அந்த வழியாக வரவில்லையோ என்று அந்தச் சின்னப் பையன் யாரிடமும் கேட்கவில்லை.

அன்றைக்கு மாமா நேராக எங்கள் கடைக்கு வந்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, “மாப்ளே, அந்தப் பச்சை அப்படியே இருக்குடா. நேத்து அடிச்ச மாதிரி. இத்தனை வருஷம் அது எங்கடா இருந்துச்சு?” என்றார். அலமாரி நிறைய மருந்து வைத்திருக்கிறோம். அந்தப் பச்சையை வெளியே எடுக்க அதில் ஒன்றுமில்லை.

லிஃப்ட் வேலை தனக்குத் தற்செயலாகக் கிடைத்தது என்றுதான் அவர் அதுவரை நினைத்திருந்தார். டாக்டரிடம் இதைச் சொன்னபோது, தற்செயலாகவும் இருக்கலாம் என்றாராம் அவர். எதையும் சட்டென்று முடிச்சுப் போட்டுக் கொடுக்கிற பழக்கம் அந்த அம்மாவுக்குக் கிடையாது.

மாமாவின் அம்மா இறந்து பல வருஷம் ஆகிறது. மிச்சம் இருப்பது அவருடைய அக்கா ஒருத்திதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போய், துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம், அந்த ஆஸ்பத்திரியில் தனியாக நின்றேனே, ஞாபகம் இருக்கா என்று கேட்டார்.

அவள் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. “தனியா எங்கடா நின்னே? நான் உன் கையைப் பிடிச்சிட்டுத்தானே நின்னேன்? சாயங்காலம் வரைக்கும் விடலையே.”

மாமா ஆடிப்போய்விட்டார். அவர் பார்த்த அந்த நடையில் அக்காவே இல்லை. பத்து வயதுப் பெண் நாள் முழுக்கப் பிடித்திருந்த கை, துடைத்து எடுத்த மாதிரி காணாமல் போயிருந்தது. செவ்வாய்க்கிழமை போய், எது நிஜம் டாக்டர் என்று கேட்டார்.

“ரெண்டும் இருக்கட்டும்,” என்றார் டாக்டர். “தனியா விட்டுட்டாங்கன்னு அந்தப் பையனுக்கு இருந்தது நிஜம். அக்கா கை இருந்ததும் நிஜம். அந்தக் கை ஏன் உங்களுக்குத் தெரியாமப் போச்சுன்னு பார்க்கலாமா?”

அதைப் பார்க்க ஒன்றரை வருஷம் ஆனது. மேலே போன அம்மாவின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்த பையனுக்குப் பக்கத்தில் இருந்த கை தெரியவில்லை என்பது கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. மந்திரம் போட்ட மாதிரி எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. அதன் பிறகும் நான்கு தடவை நெஞ்சு அடைத்தது. ஆனால் வருவது சாவு இல்லை, ஐந்து வயது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நடையில் முன்னும் பின்னும் நடப்பார், தண்ணீர் குடிப்பார், அது போய்விடும். கிளம்பினாயா, எங்கே இருக்கிறாய் என்று மகளுக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் செய்வது நின்றது. அவள்தான் பயந்துபோய், அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று திருப்பிக் கூப்பிட்டாள். என் அக்காவிடம் ஒரு நாள், நீ லேட்டா வந்தா எனக்குக் கோபம் இல்ல, பயம் என்றார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வாக்கியத்தை அவள் முதல் தடவையாகக் கேட்டாள். கேஸ் ட்ரபிள் கதையை அதோடு விட்டுவிட்டாள்.

முடிக்கும் தேதியை டாக்டரும் மாமாவும் மூன்று மாதம் முன்பே பேசி வைத்தார்கள். நாள் நெருங்க நெருங்க மாமா சிடுசிடுத்தார், ஒரு வாரம் போகாமலும் இருந்துவிட்டார். டாக்டர் அதையும் பேச்சுக்குள் கொண்டுவந்தார். இந்தத் தடவை பிரிவது சொல்லிவிட்டுப் பிரிவது, அழுகை வந்தால் இங்கேயே அழலாம் என்றார்.

கடைசிச் செவ்வாய்க்கு முந்தின நாள் மாமாவின் அக்கா போன் செய்து, அந்தக் குழந்தையைப் பற்றி இன்னொன்று ஞாபகம் வந்தது என்றிருக்கிறாள். அவன் தும்மும்போதெல்லாம் மாமா கைதட்டுவாராம். அதற்காகவே அவன் மூக்கின்கீழே நூலை விட்டு ஆட்டிக் காத்திருந்து, அம்மாவிடம் அடி வாங்குவாராம்.

மறுநாள் மாமா இதைச் சொன்னதும் டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு வருஷத்தில் அந்த அம்மா சிரித்து அவர் கேட்டதில்லை. மாமாவும் சிரித்தார். இன்னும் இருபது நிமிஷம் மிச்சம் இருந்தது. தம்பியைப் பற்றிப் பேசிக்கொண்டே அதை முடித்தார்கள்.