தர்மன் குடித்த திராட்சரசம்

மதுவிலக்குக் காலத்தில் காஞ்சிபுரத்தில் சட்டப்படி இரண்டே பாட்டில் மது இருந்ததென்றால், அது எங்கள் தேவாலயத்து அலமாரியில்தான் இருந்திருக்கும். கர்த்தருடைய பந்தி என்று நாங்கள் சொல்கிற, ஆராதனையில் அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்துக்கான திராட்சரசம் அது. சர்க்கார் அனுமதிச் சீட்டோடு மதராஸிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரும். அலமாரிச் சாவியைப் போதகர் ஞானாபரணம் தர்மனிடம் கொடுத்து வைத்திருந்தார். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை என்று நான் அன்றைக்கே சொன்னேன்.

தர்மன் எங்கள் கோயிலில் மணி அடித்து, பெருக்கி, பெஞ்சு துடைக்கிற ஆள். மற்ற நாளெல்லாம் சாயப் பட்டறையில் பட்டு நூலை முக்கிப் பிழிவான். அதனால் அவன் கை ஒரு வாரம் அரக்காக இருக்கும், ஒரு வாரம் பச்சையாக இருக்கும். ஒரு காலத்தில் பாலாற்று மணலில் கள்ளத்தனமாகக் காய்ச்சுகிற சாராயத்துக்கு அடிமையாகக் கிடந்தவன். சபை முன்னால் அழுது, இனித் தொடமாட்டேன் என்று சொல்லி நாலு வருஷம் ஆகியிருந்தது. மிஷன் பள்ளி வாத்தியாரும் சபைக் கமிட்டிச் செயலாளருமான நான் அந்த அழுகையை நம்பவில்லை. சந்தேகமும் கோபமும் என் கூடப் பிறந்தவை.

அறுபத்தெட்டில் ஈஸ்டருக்கு முந்தின நாள் காலை, நான் போதகர் வீட்டில் இருந்தபோது தர்மனின் மனைவி மரியம்மாள் ஓடி வந்தாள்.

"ரெண்டு பாட்டிலையும் குடிச்சிட்டு மணிக்கூண்டாண்ட உக்காந்துக்கினு அழுவுதுங்க அது."

போய்ப் பார்த்தோம். ஏகாம்பரநாதர் கோயில் பக்கமிருந்து பங்குனி உற்சவ மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. தர்மன் முழங்காலில் தலையைப் புதைத்திருந்தான்.

"பண்டிகைக்குத் தொடைக்கத்தான் எடுத்தேன், ஐயா. மூடி கொஞ்சம் லூசா இருந்துது. வாசனை வந்துது. அவ்ளோதான். இனிமே நான் பந்திக்கு வரமாட்டேன். என்னை விட்டுடுங்க."

விட்டுவிடத்தான் நானும் நினைத்தேன். சாயங்காலமே கமிட்டி கூட்டினேன். அவனை வேலையிலிருந்து நீக்குவது, கர்த்தருடைய பந்தியிலிருந்தும் தள்ளி வைப்பது என்று என் கையாலேயே தீர்மானம் எழுதினேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். போதகர் மட்டும் போடவில்லை. "நாளைக்குப் பார்க்கலாம், சார்" என்று காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, உலர்ந்த திராட்சை வாங்கக் கடைக்குக் கிளம்பினார். அவர் வீட்டம்மா அதைக் கொதிக்க வைத்துச் சாறு வடிகட்டினார். மறுநாள் எங்களுக்கு அதுதான் திராட்சரசம்.

எங்கள் சபையில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. எல்லோருக்கும் ஒரே பாத்திரம்தான். ஆனால் நெசவுத் தெருவிலிருந்து கிறிஸ்தவர்களான குடும்பத்தார் நாங்கள் முதலில் குடிப்போம். சேரிக்காரர்கள் எங்களுக்குப் பிறகு. தர்மன் எல்லோருக்கும் கடைசி. இது யார் மனதையும் உறுத்தியதில்லை. என் மனதை நிச்சயமாக உறுத்தவில்லை.

ஈஸ்டர் காலையில் வழக்கம்போல முதல் ஆளாக மண்டியிட்டேன். போதகர் அப்பத்தை என் உள்ளங்கையில் வைத்தார். பிறகு பாத்திரத்தை எடுத்தவர், என்னைத் தாண்டிப் பின்பக்கம் நடந்தார். மணிக் கயிற்றுக்குப் பக்கத்தில் தர்மன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தான்.

"என் பங்கை நேத்தே குடிச்சிட்டேன், ஐயா. எனக்கு இன்னா மீதி இருக்குது?"

போதகர் மெல்லப் பேசுகிறவர். ஆனாலும் அன்றைக்கு அவர் சொன்னது கோயில் முழுக்கக் கேட்டது.

"நேத்து நீயா எடுத்துக் குடிச்சே, தர்மா. இது அவர் குடுக்கிறது. அது வேற, இது வேற. வாயைத் திற."

அவன் குடித்தான். போதகர் பாத்திரத்தின் விளிம்பைத் துணியால் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து என் முன்னால் நின்றார்.

உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது அருவருப்பு. சேரிக்காரன் வாய் வைத்தது என்றுதான் தோன்றியது. ஈஸ்டர் காலையில், முழங்காலில் நின்று, கையில் அப்பத்தை வைத்துக்கொண்டு எனக்கு வந்த நினைப்பு அதுதான். அடுத்த கணம் வெட்கம் பிடுங்கித் தின்றது. அவன் திருடியது இரண்டு பாட்டில். நான் பன்னிரண்டு வருஷமாகக் கர்த்தருடைய பந்தியில் முதல் இடத்தைத் திருடிக்கொண்டிருந்தேன். என்னை யாரும் தள்ளி வைக்கவில்லை. தேம்பி அழுதேன். போதகர் அவசரப்படாமல் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் குடித்தேன்.

அதற்கடுத்த பந்தியிலிருந்து தர்மனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மண்டியிட்டேன். சிலர் முகத்தைச் சுளித்தார்கள். நான் செய்துகொண்டிருந்த வேலையை இப்போது அவர்கள் செய்தார்கள். தீர்மானக் காகிதத்தைப் போதகர் மறுபடி வெளியே எடுக்கவே இல்லை; தர்மன்தான் தொடர்ந்து மணி அடித்தான்.

அப்புறம் தர்மன் விழவே இல்லை என்று எழுத ஆசைதான். ஆனால் எழுபத்தொன்றில் சாராயக் கடைகளைத் திறந்தார்கள். போதகர் ஞானாபரணமும் மாற்றலாகிப் போயிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கவில்லை. மரியம்மாள் கோயில் வாசலில் நின்று, "செவிலிமேட்டுச் சாராயக் கடையாண்ட இருக்குதுங்க அது" என்றாள். டவுன் பஸ் ஏறிப் போனேன். கடைக்கு எதிரே புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தான்.

"வேணாம் சார், போயிடுங்க. கர்த்தரும் எத்தினி வாட்டிதான் தூக்குவாரு?"

வெள்ளை வேட்டியோடு அவன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு உனக்குக் குடுத்த பிறகுதாண்டா எனக்குக் குடுத்தாரு" என்றேன். "நீ வராம நான் எப்படிப் போய் மண்டி போடறது?"

அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.