சட்டியல்ல, மூடி: புளியந்தீவு நிலவறையில் ஒரு காலை

மூன்று வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்த ஒரு வாதத்தை வெல்லத்தான் போன மாசியில் மட்டக்களப்புக்குப் போனோம். வாதம் என்னுடையதல்ல, உன்னிச்சையில் வயல் செய்யும் என் அண்ணன் மனைவி யோகம் மச்சாளுடையது. அவருடைய வட்டையில், அதாவது வயல்வெளியில், உழும்போது கிடைத்த பழைய பானையையும் அதன்மேல் கவிழ்ந்திருந்த சட்டியையும் புளியந்தீவில் ஒரு பழைய தேவாலயத்தின் கீழேயுள்ள அருங்காட்சியகத்துக்குக் கொடுத்திருந்தார். அது சட்டியல்ல, மூடி என்று அவர் தலைகீழாக நின்று சொல்லியும் எடுபடவில்லை. சட்டிதான், மண் சரிந்து கவிழ்ந்திருக்கும் என்றார்கள் அங்கே இருந்தவர்கள்.

புரட்டாசி உழவில் அதே இடத்தில் குமிழ் போன்ற ஒரு சுட்டமண் துண்டு அகப்பட்டது. ஆனால் மழைக்காலத்தில் அருங்காட்சியகம் பூட்டு. அதுவரை அண்ணன் அதைக் கதவு அடிக்காமலிருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். உடையாமல் தப்பியது தெய்வச் செயல்!

சனிக்கிழமை காலை 7.10க்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பி, வவுணதீவு, வலையிறவுப் பாலம் வழியாக 29 கிலோமீட்டர் ஓடி, 8.15க்குத் தேவாலய வாசலில் நின்றோம். துண்டை மடியில் வைத்திருந்த மச்சாள், ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் முதுகில் ஒரு குத்து விட்டார்.

நுழைவு நூறு ரூபாய். பதினேழு படி இறங்கவேண்டும். ஒரு முழம் தோண்டினாலே தண்ணீர் வரும் தீவில் நிலவறையா என்று சிரித்தவன் நான். மூலையில் ஒரு மோட்டார் ஊற்றுநீரை ஓயாமல் இறைக்கிறது. சுற்றிவரக் கண்ணாடிப் பெட்டிகளில் பானைகள், மணிகள், ஒல்லாந்தர் கால ஓடுகள். என் சிரிப்பை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

பொறுப்பாக இருக்கும் சிஸ்டர் எங்களைக் கண்டதும், "திரும்பவும் மூடிக் கதையா, யோகம்?" என்றார்.

"ஓம் சிஸ்டர். அந்தச் சட்டிய ஒருக்காக் கவிழ்த்துப் பாருங்க. பிழையெண்டா இனி நான் வாயே திறக்கமாட்டன்."

சிஸ்டர் கையுறை மாட்டிக் கவிழ்த்தார். அடியின் நடுவில் உடைந்த வடு. குமிழை அதில் வைத்ததும் இம்மி பிசகாமல் பொருந்தியது. அப்படியே இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பானையின் வாயில் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் அப்பவே செல்லயில்லயா?" என்றார் மச்சாள்.

"செல்லித்தான் இருக்கிறீங்க. பிழை எங்கடதான்."

போக விரும்புவோருக்கு: ஐப்பசி முதல் தை வரை வேண்டாம். ஞாயிறு என்றால் பூசை முடிந்து 11 மணிக்குப் பிறகு போங்கள். பஸ் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. படிகள் ஈரம், வழுக்காத செருப்பு அவசியம்.

மூன்றாவது பெட்டியைத் தவறவிடாதீர்கள். அதன் அட்டையில் 'சட்டி' என்பதைப் பேனாவால் வெட்டி, 'மூடி' என்று சிஸ்டர் எழுதியிருக்கிறார். புதிய அட்டை அச்சடித்து வைப்பதாகத்தான் சொன்னார். மச்சாள் ஒரேயடியாக மறுத்துவிட்டார். வெட்டினது எல்லோருக்கும் தெரியவேண்டுமாம்.