தூக்கிய கை

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அரியலூர் பஸ் கிளம்பாமல் நின்றது. உள்ளே திரும்பக்கூட இடமில்லை. மேல்கம்பியைப் பிடித்தபடி நின்றேன். வெளியே ஒரு வேனின் மைக், "ரட்சிப்பு வேணுங்கிறவங்க கண்ணை மூடி, கையை உயர்த்துங்க" என்றது.

கம்பியைப் பிடித்து உயர்ந்திருந்த என் கையை அண்ணாந்து பார்த்தேன்.

மூன்றாம் வகுப்பு லீவில் எங்கள் ஊர்ச் சபையின் தகரக் கொட்டகைக்குள் வெயில் தகிக்கும். லீவுதோறும் அங்கே பிள்ளைகளுக்கு பைபிள் வகுப்பு எடுத்த எஸ்தர் அக்கா துணியில் வெட்டிய மூன்று இருதயங்களைக் காட்டுவார். கறுப்பு நம் பாவம், சிவப்பு இயேசுவின் ரத்தம், வெள்ளை கழுவிய இருதயம். ரட்சிப்பு வேண்டியவர்கள் கை தூக்கச் சொன்னார். தூக்கினேன். அன்று சாயங்காலமே தம்பியின் முறுக்கைத் தின்றுவிட்டு, இல்லை என்று சாதித்தேன். வெளுத்தது மறுபடி கறுத்துவிட்டது என்று பயந்து அடுத்த வருஷமும் தூக்கினேன். அதற்கடுத்த வருஷமும்.

நாலாம் வருஷம் கை தூக்கப் போகும்போது அக்கா என் காதருகே குனிந்தார். "நீதான் போன வருஷமே தூக்கிட்டியேடி. விசுவாசம் இல்லாதவதான் திரும்பத் திரும்பத் தூக்குவா."

தூக்கினால் விசுவாசம் இல்லை. தூக்காவிட்டால் அந்த வருஷத்துப் பாவமெல்லாம் அப்படியே இருக்கும். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். விரல்கள் மரத்துப்போயின. ஜெபம் முடியவே இல்லை.

"கையைக் கொஞ்சம் இறக்குங்கம்மா, முழங்கை இடிக்குது" என்றார் பஸ்ஸில் என் பக்கத்தில் நின்றவர்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்றேன். "மைக்குல பேசுறவர் ஆமென் சொல்லிடட்டும்."