பாற்குடம் ஏறிய கார்

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வாழ்க்கையில் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் ஒரு பழைய அமெரிக்கக் கார். நீண்ட மூக்கு, அதைவிட நீண்ட உறுமல். அந்தக் கோடையில் பின்சக்கரங்களுக்குப் குலுக்கலைத் தாங்கும் புதிய சொக் அப்சோபர் பூட்டியிருந்தார். அடியில் உள்ள திருகைத் திருப்பினால் இறுகும், இளகும். மாமா முழுக்க இறுக்கி வைத்திருந்தார். அப்போதுதான் சீறிக் கிளம்பும்போது பின்பக்கம் குந்தாதாம். பின்சீட்டில் இருப்பவர்களின் முதுகெலும்பைப் பற்றி அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

நாங்கள் குடியிருந்த டுசல்டோர்ஃப் நகரிலிருந்து ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர்த்திருவிழாவுக்கு அந்தக் காரில்தான் போனோம். மூத்தவருக்கு முன்சீட்டு என்பது எங்கள் வீட்டு மரியாதை. ஆகவே பாற்குடத்தை மடியில் வைத்தபடி அம்மா முன்னால், மாமியும் நானும் பின்னால். மாமியின் வயிற்றில் பிள்ளை இருந்தது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். முன்பு இரண்டு முறை மாமா சந்தோஷம் தாங்காமல் ஊரெல்லாம் சொல்லி, இரண்டும் தங்கவில்லை. கண்பட்டுவிட்டது என்றே மாமி நம்பினார். இந்த முறை மூன்று மாதம் முடியும்வரை மாமாவுக்கும் சொல்வதில்லை என்று இருந்திருக்கிறார். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு அறிந்தது.

கோயிலுக்குக் கிட்ட, ஹம் நகரில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கிக் கல் பதித்த வீதியில் ஏறியதும், கார் எங்களைத் தூக்கிப் போட்டது. மாமி என் கையைப் பிடித்தார். அடுத்த குலுக்கலில் நகம் பதிந்தது. முகம் வெளுத்து, உதடுகள் ஏதோ முணுமுணுத்தன. மாமி சாகப் போகிறார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். பயத்தில் எனக்கு அழுகை முட்டியது.

அம்மா திரும்பிப் பார்த்தார். "தம்பி, காரை நிப்பாட்டு. பால் சிந்துது. அந்தத் திருகை இளக்கிவிடு."

"இளக்கினால் பின்பக்கம் குந்தும், அக்கா. அங்க கோயிலடியில நிக்கிற இளம் பெடியள் சிரிப்பாங்கள்."

"அம்மாளுக்கு நேர்ந்த பால். சிந்தினா நல்லதில்லை."

குடத்தின் வாயை அம்மா மஞ்சள் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார். ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. "சிந்தேல்லையே" என்று சொல்ல வாயைத் திறந்தவள், அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். கோயிலுக்குப் போகும் வழியிலேயே பொய் சொல்கிறாரே, அம்மன் என்ன செய்வாளோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

மாமா காரை ஓரம்கட்டி, மாமியை ஒரு தடவை பார்த்தார். பட்டுவேட்டியோடு புல்லில் மல்லாந்து படுத்து, காருக்கு அடியில் தலையை நுழைத்தார். எழும்பியபோது வேட்டியெல்லாம் எண்ணெய்க்கறை.

அதன்பிறகு கார் தேர்போல ஊர்ந்தது. சைக்கிளில் போன ஒரு கிழவர்கூட எங்களை முந்தினார். மாமா கண்ணாடியில் மாமியைப் பார்த்து, "இப்ப பால் சிந்தேல்லைத்தானே?" என்று மெதுவாகக் கேட்டார்.

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இல்லையப்பா" என்றார்.

அந்தத் திருகை மாமா பிறகு இறுக்கவே இல்லை. அன்று மாமியின் வயிற்றில் இருந்த என் மச்சாளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போன காலத்திலும் கார் குந்திக்கொண்டுதான் கிளம்பும், பெடியள் சிரிப்பார்கள்.

அன்றைக்கோ, பால் முன்சீட்டில் அம்மாவின் மடியில் இருக்க, மாமா ஏன் அதை மாமியிடம் போய்க் கேட்கிறார் என்று கோயில் வரும்வரை யோசித்துக்கொண்டே இருந்தேன்.