றெனால்ட் அடக்கும் மூச்சு

மகளின் அறை வாசலில் நின்று றெனால்ட் மூன்று தரம் மூச்சை இழுத்து விடுவார். நான்காவதை இழுத்து நெஞ்சுக்குள் பூட்டிக்கொண்டு உள்ளே போவார். மகளின் தலையைத் தடவுவார், போர்வையைச் சரிசெய்வார், மேசையில் கிடக்கும் கொப்பியைப் புரட்டிப் பார்ப்பார். எல்லாம் வாயை இறுக மூடியபடிதான். இரண்டு நிமிடம் கழித்து வெளியே வந்து, முற்றத்து வேப்பமரம் வரை நடந்த பிறகுதான் அந்த மூச்சை விடுவார். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை இது நடக்கும்.

ஓலைத்தொடுவாய்க் கிராமத்தில் எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். அவர் கடலடியில் சங்கு பொறுக்குகிறவர். நாற்பத்திரண்டு வயது. வாசலில் நின்றால் பின்னால் நிற்பவர் தெரியமாட்டார். முதுகில் காற்றுச் சிலிண்டர் இல்லாமலே இரண்டரை நிமிடம் தண்ணீருக்குள் நிற்கக்கூடிய மனிதர். அவருக்குப் பிறந்த ஒரே பிள்ளை, ஏழு வயது சுவேதினிக்கு, நாலடி ஓடினால் இழுப்பு வந்துவிடும். கடவுளிடம் கேட்க வைத்திருக்கும் கேள்விகளில் இதை நான் முன்வரிசையில் வைத்திருக்கிறேன்.

போன வருடம் பிரான்சிலிருந்து வந்த றெனால்டின் மைத்துனர் கிறிஸ்ரிதான் ஒரு வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்து பிள்ளையின் அறை அலுமாரிக்கு மேல் வைத்தார். உள்ளங்கையளவுதான் இருக்கும். அறைக்காற்றை ஓயாமல் முகர்ந்தபடி இருக்கும். நல்ல காற்றென்றால் பச்சை, மந்தமென்றால் மஞ்சள், கெட்டால் சிவப்பு. சிவந்துவிட்டால் யாரும் எழுந்துபோய் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. மூலையில் நிற்கும் சுத்திகரிப்பான் தானாக இரையும், சுவரில் பதித்த விசிறி உள்காற்றை வெளியே தள்ளும், றெனால்டின் தொலைபேசியும் கிறிஸ்ரியின் தொலைபேசியும் ஒரே நேரத்தில் துடிக்கும். "அத்தான், இப்ப ஆர் அறைக்குள்ள வந்தது?" என்று பிரான்சிலிருந்து கேள்வி வரும்.

சோளகக் காற்று மணலை வாரி இறைக்கும் மாதங்களில் அந்த அறை யன்னல் திறப்பதேயில்லை. மாதா சொரூபத்துக்கு முன்னால் எரிந்த மெழுகுதிரி விறாந்தைக்கு வந்துவிட்டது. காற்று அதைப் பத்துத் தரம் அணைக்க, மனைவி நிறஞ்சலா பத்துத் தரம் கொளுத்துவார். ஆனால் பெட்டி வந்த பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது பாதியாகக் குறைந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பெட்டி வைத்த மூன்றாம் நாள் றெனால்ட் கடலால் வந்து நேரே மகளிடம் போனார். சிவப்பு. வெளியே வந்தார், கொஞ்ச நேரத்தில் பச்சை. மறுபடி போனார்; மறுபடி சிவப்பு.

"மற்ற ஆக்கள் போனா சும்மா இருக்குது சேர். என்னைக் கண்டாத்தான் கத்துது."

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் படகு இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. உடுப்பிலும் தலைமயிரிலும் அது ஊறிக் கிடக்கும். அந்தப் பெட்டிக்கு அது ஆகாது. விளக்கிச் சொன்னேன். அவரும் போய் வாசனைச் சவுக்காரம் போட்டு இரண்டு தரம் குளித்து, கழுத்து நிறையப் பவுடர் பூசி, பெருநாள் சேட்டைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை போல உள்ளே போனார். முன்னையிலும் கடுஞ்சிவப்பு. சவுக்கார வாசனையும் பவுடரும்கூட அதற்கு ஒத்துவராது என்று நான் சொல்லி முடிக்கவில்லை, அவர் முகம் வெளிறிவிட்டது. அடுத்த நாள் வெறும் கிணற்றுத் தண்ணீரில் குளித்து, மூச்சை அடக்கிக்கொண்டு போனார். பச்சை.

"பாத்தீங்களா சேர்? உடுப்பில்ல. என்ர மூச்சு."

அப்போதுதான் பைசரின் கதையைச் சொன்னார். பைசர் அவருடைய கடல் கூட்டாளி. எட்டு வருடங்களுக்கு முன்பு, சிலிண்டருக்குக் காற்று அடைத்த இயந்திரத்தின் புகை காற்றோடு சேர்ந்து உள்ளே போயிருக்கிறது. அது தெரியாமல் இருவரும் ஒரே இடத்தில் நிரப்பிய சிலிண்டர்களோடு இறங்கினார்கள். றெனால்ட் தலை வெடிக்கும் வலியோடு மேலே வந்தார். பைசரைத் தூக்கித்தான் எடுக்கவேண்டியிருந்தது. படகில் கிடத்தியபோது உயிர் இல்லை.

"நான் குடிச்ச காத்து இன்னும் உள்ளுக்க கிடக்குது சேர். அதுக்குப் பிறகுதான் இவள் பிறந்தவள். யோசிச்சுப் பாருங்கோ."

அந்த நஞ்சு ஒன்றிரண்டு நாளில் உடம்பை விட்டுப் போய்விடும், பிள்ளைக்கு அதனால் ஒன்றும் வராது என்று ஒரு பாடமே நடத்தினேன். "ஓம் சேர், ஓம் சேர்" என்று மரியாதையாகக் கேட்டார். மறுநாள் காலையிலும் வாசலில் நின்று மூச்சைப் பூட்டினார். எனக்கு முதலில் எரிச்சல் வந்தது. பிறகு அவருடைய பயம் என்னையும் பிடித்துக்கொண்டது. வேலிக்கு அப்பால் அந்தச் சுத்திகரிப்பான் இரைந்தால் என் கையிலிருக்கும் தேத்தண்ணிக் கோப்பை நின்றுவிடும்.

மூச்சை அடக்கினால் பேசமுடியாதே. அதனால் தண்ணீருக்குள் பேசும் கைப்பாசையை மகளுக்குப் பழக்கிவிட்டார். விரலை வளையமாக்கினால் சுகம். பெருவிரலை உயர்த்தினால் மேலே போ. "அப்பா உள்ளுக்க ஊமை, வெளியில ரேடியோ" என்பாள் சுவேதினி. அவர் கண் சிவக்கத் தொடங்கினால் பெருவிரலைக் காட்டி வெளியே அனுப்பிவிடுவாள். அவரும் சொல்வழி கேட்டுப் போவார்.

"இஞ்சாருங்கோ, பிள்ளையோட ஒரு கதை கதைச்சா செத்தா போவியள்?" என்று நிறஞ்சலா ஒருநாள் கத்தினார்.

"நான் சாகமாட்டன்" என்றார் றெனால்ட்.

போன ஞாயிறு பூசை முடிந்து நிறஞ்சலா கோவில் கூட்டத்துக்கு நின்றுவிட, தகப்பனும் மகளும் மட்டும் வீட்டுக்கு வந்தார்கள். பத்து மணிபோல் கரண்ட் நின்றது. கொஞ்ச நேரத்தில் வேலிக்கு இப்பால் எனக்கே அந்த இழுப்பு கேட்டது. ஓடிப்போய் அறை வாசலில் நின்றேன். பெட்டியில் விளக்கு இல்லை. றெனால்ட் மகளை நிமிர்த்தி இருத்தி, மருந்தை இரண்டு தரம் இழுக்கக் கொடுத்துவிட்டிருந்தார். வாய் மூடித்தான் இருந்தது. இப்படி வந்தால் பக்கத்தில் இருந்து மெதுவாக மூச்சு விட்டுக் காட்டவேண்டும் என்பது டொக்டர் சொன்னது. அது எப்போதும் நிறஞ்சலாவின் வேலை.

சுவேதினி தகப்பனைப் பார்த்தாள். உள்ளங்கையைத் தட்டையாக்கித் தன் தொண்டைக்குக் குறுக்கே இழுத்தாள். காற்று இல்லை. கடலுக்குள் அதைக் கண்டால் முதலில் உன் வாயில் இருப்பதைக் கழற்றிக் கொடு, மற்றதெல்லாம் பிறகு என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

பூட்டி வைத்த மூச்சு பெருஞ்சத்தத்தோடு வெளியே வந்தது. நெற்றியை மகளின் நெற்றியோடு வைத்தார். "அப்பாவைப் பார். என்னோட சேந்து விடு பிள்ளை. மெதுவா... இன்னும் மெதுவா..." ஒரு வருடத்துக்குப் பிறகு அந்த அறைக்குள் அவர் குரலைக் கேட்டேன். கால் மணித்தியாலம் இருக்கும். நான் வாசலைத் தாண்டவில்லை. இழுப்பு கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது.

கரண்ட் வந்தது. பெட்டி இரண்டு தரம் கண் சிமிட்டிவிட்டுப் பச்சையாக எரிந்தது.

"பச்சை, றெனால்ட்! இவ்வளவு நேரமும் உம்மட மூச்சுத்தானே அறை முழுக்க. பாரும், பச்சை!"

"அது இன்னும் நித்திரையால எழும்பேல்ல சேர்" என்றார். சொன்ன வாயை உடனே கையால் பொத்திக்கொண்டார்.

என் மணிக்கூட்டில் ஐந்து நிமிடம் போனது. விளக்கு பச்சையாகவே இருந்தது. அவர் கண் அதைவிட்டு அசையவில்லை. சுவேதினி தகப்பனின் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, களைத்துப்போன கையைத் தூக்கிப் பெருவிரலைக் காட்டினாள். அவர் போகவில்லை. வாயில் வைத்த கையை எடுக்கவும் இல்லை.