அட்டையில் இல்லாத சொல்

கம்பம் பேருந்து நிலையத்தில் போன வாரம் ஒரு பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் பின்தெருவுக்கு வாழ வந்தவள். இடுப்பில் பல் முளைக்காத குழந்தை.

"அக்கா, உங்க பையன் ரெண்டு வயசுலயே பேப்பர் வாசிச்சானாமே? எந்த அட்டை வாங்குனீக? நானும் இவளுக்கு இப்பவே ஆரம்பிச்சுரலாம்னு இருக்கேன்."

என் மகன் பக்கத்தில்தான் நின்றான். ஆறு வயது முடியப்போகிறது. எதிரே நின்ற பஸ்ஸின் பலகையைப் பார்த்து "போடி, போடி, போடி" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் பூரித்துப்போய் "மாஷா அல்லாஹ்" என்று கன்னத்தைத் தொடப் போனாள். அவன் முகத்தை விலக்கிக்கொண்டான். கண் மட்டும் பலகையை விட்டு நகரவில்லை.

இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் அரை மணி நேரம் பதில் சொல்வேன். கேட்டவர்கள் தப்பித்து ஓடுகிற அளவுக்குச் சொல்வேன். இப்போது "பஸ் வந்திருச்சும்மா" என்று மட்டும் சொன்னேன். தேனி பஸ் உண்மையிலேயே வந்திருந்தது.

நான் பி.எஸ்சி., பி.எட். முடித்தவள். கல்யாணமான பிறகு வேலைக்குப் போகவில்லை. யாரும் போகாதே என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அப்படியே விட்டுப்போயிற்று. படித்த படிப்பை எங்கே கொண்டு கொட்டுவது என்று இருந்தவளுக்குப் பிள்ளை பிறந்தான். பிறகு கேட்க வேண்டுமா?

அந்த வருடம் பெருநாளைக்கு என் மூத்த ஓரகத்தி பழனிசெட்டிபட்டியிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தாள். அவள் மகளுக்கு அப்போது இரண்டு வயது. அந்தப் பெண்ணைச் சோபாவில் நிற்க வைத்து, ஒவ்வொரு நாட்டுக் கொடியாகக் காட்ட, அது கடகடவென்று பெயர் சொன்னது. பெரியவர்கள் பிரியாணியை விட்டுவிட்டுக் கைதட்டினார்கள். என் மகன் என் முந்தானையைச் சப்பிக்கொண்டு மடியில் கிடந்தான். எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன்.

மறுவாரமே போனில் படமும் எழுத்தும் போட்ட அட்டைகளுக்கு ஆர்டர் போட்டேன். போன் வீடியோவில் ஒரு பெண் தினமும் வந்து, மூன்று வயதுக்குள் சொல்லிக் கொடுக்காவிட்டால் எல்லாம் போயிற்று என்று பயமுறுத்திக்கொண்டிருந்தாள். அவள் பேசுவதைக் கேட்டால் எங்கள் வீட்டு வாசலில் பள்ளிக்கூட பஸ் நின்று ஹாரன் அடிப்பது மாதிரி இருக்கும்.

என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. கடைவீதியில் பிளாஸ்டிக், பாத்திரக் கடை வைத்திருக்கிறார். பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். கோபம் வந்தாலும் வாளிக்கு விலை சொல்கிற குரலில்தான் பேசுவார்.

"பல்லு முளைக்கட்டும் புள்ள. அப்புறம் படிக்கட்டும்."

"நீங்க லேட்டா ஆரம்பிச்சுத்தான் இங்கன உக்காந்து வாளி விக்கிறீக" என்றேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அட்டைகளைப் பிரித்துப் பார்த்தபோது அவர்தான் அதைக் கவனித்தார். 'அம்மா' என்ற அட்டையில் கொண்டை போட்ட ஒரு பெண். 'அப்பா' என்ற அட்டையில் டை கட்டி, கையில் பெட்டி வைத்திருந்த ஒரு ஆள்.

"யாரு புள்ள இது? நம்ம வீட்டுல இப்படி ஒரு ஆளு இல்லையே."

எங்கள் வீடுகளில் தகப்பனை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அப்பா என்று கூப்பிடுகிற வழக்கமே கிடையாது. அட்டை போடுகிறவனுக்கு அது தெரியுமா? ஒரு அத்தா அட்டை நாமே எழுதிக்கொள்ளலாம் என்று சொன்னேன். பெட்டி நிறைய அட்டை இருந்ததில் அது மறந்துவிட்டது.

குளிப்பாட்டியதும் ஒரு தடவை, பால் குடித்ததும் ஒரு தடவை என்று காட்டினேன். ஒன்றரை வயதில் ஒருநாள் அவனைத் தூக்கிக்கொண்டு கடைவீதியில் போகும்போது, கோழிக்கடைப் பலகையைப் பார்த்து "நாட்டுக்கோழி" என்றான். தெளிவாக, கடைக்காரர் திரும்பிப் பார்க்கிற மாதிரி. நடுத்தெருவில் நின்று அழுதேன். சந்தோஷத்தில் அழுததாக எனக்கு நினைவு இருப்பது அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. பஸ் பலகை, மருந்துச் சீட்டு, சிமெண்டு மூட்டை, எது கண்ணில் பட்டாலும் வாசித்தான். பல்லு முளைக்கட்டும் என்ற மனிதர், மகனைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். சாமான் வாங்க வருகிறவர்கள் பேப்பரை நீட்டுவார்கள். எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரைக்கூட அதே உற்சாகத்தோடு வாசித்து முடிப்பான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கண் பட்டுவிடும் என்று என் வீட்டுக்காரரின் அம்மா, மாமி, தினமும் ஓதி ஊதினார்கள்.

குமுளியிலிருந்து ஒரு மலையாளி அடிக்கடி கடைக்கு வருவார். ஒருநாள் விளையாட்டாகத் தன் கையிலிருந்த மலையாளப் பேப்பரைப் பையன் முன்னால் விரித்தார். பையன் தலைப்பை வாசித்தான். அடுத்த தலைப்பையும் வாசித்தான். அந்த மனிதர் வாய் பிளந்து நின்றார்.

"ஆரா படிப்பிச்சது?"

கடையில் இருந்த அத்தனை பேருக்கும் என் வீட்டுக்காரர் டீ சொன்னார். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது அவருக்கு வாயெல்லாம் பல். எனக்கு மலையாளம் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. கேரளா பஸ்ஸைப் பார்த்தும் போனில் பார்த்தும் பிடித்திருப்பான் என்று நினைத்தேன். எல்லாம் நான் போட்ட அஸ்திவாரம் என்று ஓரகத்திக்கு அன்றே போன் போட்டுச் சொன்னேன்.

இவ்வளவும் வாசித்த பிள்ளை யாரையும் கூப்பிடவில்லை.

அது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. தண்ணீர் என்று எழுதிக் காட்டினால் வாசிப்பான். தாகம் எடுத்தால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குடத்தின் மேல் வைப்பான். என் முகத்தைப் பார்க்கமாட்டான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். "இவன் அத்தாவும் லேட்டாத்தான் பேசுனான்" என்பார்கள் மாமி. என் வீட்டுக்காரர் ஒருநாள் அவன் பின்னால் நின்று தட்டை ஓங்கித் தட்டிப் பார்த்தார். காது கேட்கிறதா என்று சந்தேகம். அவன் திரும்பவில்லை. ஆனால் அடுத்த அறையில் போனில் விளம்பரப் பாட்டு வந்ததும் ஓடினான். படிக்கிற பிள்ளைக்குக் கவனம் அப்படித்தான் ஒரே இடத்தில் இருக்கும் என்று நான் வாதாடினேன். அம்மா அட்டையைக் காட்டினால் "அம்மா" என்கிறானே, அப்புறம் என்ன என்று கேட்டேன்.

எல்.கே.ஜி. சேர்க்கப் போன இடத்தில் ஒரு டீச்சர் அவன் முன்னால் குனிந்து பெயர் கேட்டார். அவன் அவர் தோளுக்கு மேலே பார்த்து, சுவரில் தொங்கிய தீயணைப்புக் கருவியில் எழுதியிருந்ததை முழுக்க வாசித்தான். நான் பெருமையாகச் சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. "மதுரையில ஒரு டாக்டர்கிட்டக் காட்டுங்கம்மா, எதுக்கும்" என்று மெதுவாகச் சொன்னார். அந்த 'எதுக்கும்' வீடு வந்து சேரும் வரை காதிலேயே இருந்தது.

மதுரை டாக்டர் அவனை ரொம்ப நேரம் தரையில் விளையாட விட்டுப் பார்த்தார். பிறகு எங்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் அட்டைக் கதையைச் சொன்னேன். மலையாளத்தையும் சொன்னேன். அதைச் சொன்னால் அவர் அசந்துபோவார் என்று எனக்கு ஒரு நப்பாசை.

"மலையாளம் யார் சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் சொல்லித் தரலை சார். அவனா பிடிச்சுக்கிட்டான்."

"தமிழையும் அப்படித்தாம்மா பிடிச்சிருப்பான். நீங்க அட்டை காட்டலைன்னாலும் வாசிச்சிருப்பான். சில பிள்ளைகளுக்கு எழுத்து முந்திக்கிட்டு வந்துரும், பேச்சு பின்தங்கிரும். உங்களால வந்ததில்ல இது. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

ஆட்டிசம் என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் சொன்னார். நன்றாகப் பேச்சு வருமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். சிலருக்கு வரும், சிலருக்குக் கொஞ்சம் வரும், சிலருக்கு வராமலும் போகும், இப்போது சொல்ல முடியாது என்றார். நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது ஆண்டிபட்டி வரை அவன் ஒவ்வொரு ஊர்ப் பலகையாக வாசித்துக்கொண்டு வந்தான். எனக்கு டாக்டர் மேல்தான் கோபம். என்னால் வந்தது என்று சொல்லியிருக்கக் கூடாதா? என் தப்பு என்றால் நான் திருத்திக்கொள்வேன். நான் கெடுத்தது என்றால் நானே சரி பண்ணிவிடலாம் என்று ஒரு பிடி இருக்கும். நான் கொடுத்ததும் இல்லை, கெடுத்ததும் இல்லை என்றால் நான் அங்கே எதற்கு? நாட்டுக்கோழி என்று அவன் வாசித்த அன்று நடுத்தெருவில் நின்று நான் அழுதது எதற்காக?

தேனியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண்ணிடம் வாரம் தவறாமல் கூட்டிப்போக ஆரம்பித்தோம். அவர் முதல் வேலையாக அட்டைகளை நிறுத்தச் சொன்னார். "இப்போதைக்கு எழுத்தைக் குறைங்க. அவன் உங்க முகத்தைப் பார்க்கட்டும். எழுத்து இருந்தா முகத்தைப் பார்க்கமாட்டான்."

என் வீட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். இனி ஒரு எழுத்து அவன் கண்ணில் படக்கூடாது என்றார். அட்டைகளை மூட்டை கட்டிப் பரண் மேல் எறிந்தார். காலண்டரைத் திருப்பி மாட்டினார். அரிசிச் சாக்கைப் புரட்டிப் போட்டார். எண்ணெய் பாட்டில், ஷாம்பு பாட்டில், இருமல் மருந்து, எல்லாவற்றிலும் தாளை உரித்தார். எந்த டப்பாவில் மஞ்சள் தூள், எதில் மிளகாய்த் தூள் என்று திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. வீட்டில் எழுத்தை அழித்தால் போதுமா? வாசலைத் தாண்டினால் கம்பம் முழுக்க எழுத்து. அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிர் வீட்டு மின்சாரப் பெட்டியில் இருந்த எண்ணை வாசித்தான்.

மாதங்கள் போயின. எழுத்தும் இல்லை, முகத்தையும் பார்க்கவில்லை. எனக்கு ஒரு நஷ்டம் வேறு. அட்டை இருந்தவரை ஒருநாளைக்கு ஒரு தடவையாவது அவன் வாயிலிருந்து அம்மா என்று கேட்டுவிடுவேன். அட்டையைப் பார்த்துச் சொன்னாலும் அது அவன் குரல்தானே? இப்போது அதுவும் போயிற்று. ஒருநாள் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். அந்த ஒரு அட்டையை மட்டுமாவது எடுத்துக் கொடுங்கள் என்றேன்.

அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிரவில்லை.

"ஒன்னையவாச்சும் கூப்புட்டான் புள்ள."

நான் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

பேருந்து நிலையத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டுத் தேனிக்குப் போனேன் இல்லையா, அதற்கு மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. எனக்கு ரேஷன் கடையில் வேலை இருந்ததால் பையனைக் கடையில் விட்டிருந்தேன். தொழுகை முடிந்து, கடை ஷட்டரைப் பாதி இறக்கிப் போட்டிருக்கும் நேரம். சாப்பாட்டை எடுத்துக்கொண்டு குனிந்து உள்ளே போனேன். முன்னால் யாரும் இல்லை. பின்னால் சரக்கு அறையிலிருந்து குரல் வந்தது.

"அத்தா."

என் மகன் குரல். யா அல்லாஹ், கூப்பிட்டுவிட்டான், அத்தாவைக் கூப்பிட்டுவிட்டான் என்று தூக்குவாளியை அங்கேயே வைத்துவிட்டு ஓடினேன்.

கவிழ்த்துப் போட்ட வாளி ஒன்றின் மேல் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். சரக்கு வந்த அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தைக் கிழித்து நெஞ்சோடு பிடித்திருந்தார். விலை எழுதுகிற மார்க்கரால் அதில் பெரிதாக எழுதியிருந்தது: அத்தா. அவர் கையெழுத்து எப்போதுமே கோணல். பையன் அதைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னான். அவர் கன்னமெல்லாம் ஈரம்.

என்னைப் பார்த்ததும் அட்டையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அது மறைந்ததும் பையன் பக்கத்திலிருந்த பெட்டிக்குத் திரும்பி, "வாளி, மூடியுடன்" என்று வாசிக்க ஆரம்பித்தான்.

வீட்டில் ஷாம்பு பாட்டிலைக்கூட விட்டுவைக்காத மனிதர். நான் சண்டை போடுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்.

"இன்னொரு தடவை காட்டுங்க" என்றேன்.

காட்டினார். "அத்தா" என்றான். அவர் அட்டையைத் திருப்பி, மார்க்கரோடு என்னிடம் நீட்டினார். நான் பின்பக்கம் அம்மா என்று எழுதி, என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன். சோறு ஆறிக்கொண்டிருந்தது. கை வலிக்கும் வரை மாற்றி மாற்றிப் பிடித்தோம். அத்தனை தடவையும் சொன்னான்.

பிறகு அட்டையைப் பெட்டிகளுக்கு நடுவே செருகிவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தோம். அவன் திரும்பவில்லை.